கடல் கடத்தப்பட்டோர் – 7: மேரி வேட் என்னும் மூதாட்டி

அமெரிக்கக் காலனிகள் கைநழுவிப் போன பின்னர், தன் நாட்டுக் குற்றவாளிகளைக் கொண்டுபோய்த் தள்ளுவதற்கு வேறொரு நிலம் தேடிய பிரிட்டிஷ் ராஜாங்கம், 1788-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிட்னித் துறையில் கொடியேற்றிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அங்கே கூறியவை பெரும்பாலும் ஆடவர் கதைகள். 1868 வரை எண்பது ஆண்டுகள் நடைபெற்ற அத்தீவாந்தர சிட்சையில் ஏறக்குறைய 1,60,000 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பெண்கள் சுமார் 25,000 பேர். ஆறில் ஒரு பங்கினரான இவர்களைச் சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் இரண்டொரு வாக்கியங்களில், அதுவும் பெரும்பாலும் வசைமொழிகளில், கூறி முடித்துவிட்டார்கள். இவர்களைத் தேடிப் புறப்பட்டவர்கள் சரித்திர ஆசிரியர்களைக் காட்டிலும் இவர்களுடைய பேரன் பேத்திகளின் வழிவந்தோரே என்பது கவனிக்கத்தக்கது.

2008-ஆம் ஆண்டு மத்தியில், அப்போது ஆஸ்திரேலியப் பிரதம மந்திரியாக இருந்த கெவின் ரட் அவர்களிடம் மார்மன் சபையைச் சேர்ந்த பெரியவர்கள் சிலர் அவருடைய வம்சாவளியை நூலாகக் கட்டிக் காணிக்கையாக அளித்தார்கள். இறந்தோருடைய பெயர்களைத் திரட்டுவதைச் சமயக் கடமையாகவே கொண்டது அச்சபை. அவ்வம்சாவளியின் மேற்கிளையொன்றில் மேரி வேட் என்றொரு பெயர் இருந்தது. தேசத்தின் முதல் மந்திரியினுடைய மூதாட்டிகளுள் ஒருத்தி, லண்டன் தெருக்களைப் பெருக்கிப் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த நிலையில், பதினான்கு வயது நிறையுமுன்பே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவள் என்னும் செய்தியைப் பத்திரிகைகள் கொண்டாட்டமாகவே வெளியிட்டன. இரண்டு தலைமுறைகளுக்கு முன் இதே செய்தி ஒரு குடும்பத்தின் காதில் விழுந்திருந்தால், ஜன்னல்களைச் சாத்திவிட்டு மெல்லிய குரலிற் பேசியிருப்பார்கள்.

வம்சாவளி தேடுவோருக்கு முதல் விதி பின்னோக்கி நடப்பது. முன்னோரின் பிறப்பிலிருந்து தொடங்குகிறவன் ஒரே பெயர் கொண்ட பத்துப் பெண்களுக்கிடையே அகப்பட்டுத் தவிப்பான். இறப்பிலிருந்து தொடங்குகிறவனோ ஒவ்வொரு படியாகக் கீழிறங்கலாம். நாமும் அவ்வழியே செல்வோம்.

மேரி வேட் இறந்தது 1859-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17-ஆம் தேதி, சிட்னிக்குத் தெற்கே வொல்லொங்காங் நகரை அடுத்த ஃபேரி மெடோ என்னும் ஊரில். எண்பது கடந்த கிழவியாக, மகனுடைய வீட்டில், அவள் கண்மூடினாள். அவள் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் இறந்திருப்பாளாயின், தேடுகிறவருக்குக் கிடைப்பது கோயிற் புத்தகத்தில் ஒரு பெயரும், ஒரு தேதியும், பாதிரியாரின் கையெழுத்துமே. நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு இறப்புகளை அரசாங்கமே பதிவு செய்யும் சட்டம் 1856 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி எழுதப்பட்ட மரணப் பதிவில் இறந்தவரின் பெற்றோர் யாவர், பிறந்த ஊர் எது, யாரை மணந்தார், பிள்ளைகள் எத்தனை பேர் என்பவற்றோடு, காலனிக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்றும் ஒரு கட்டம் உண்டு. அந்த ஒரு கட்டம் தேடுவோருக்குப் பெருந்துணை. இறந்த ஆண்டிலிருந்து அந்தத் தொகையைக் கழித்தால் கப்பல் வந்த ஆண்டு கிடைக்கிறது. ஆண்டு கிடைத்தால், அவ்வாண்டில் வந்த கப்பல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாதலால், கப்பலின் பெயரும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. செய்தி சொல்லும் மகனோ மருமகளோ வெட்கத்தினால் மாற்றிச் சொன்னாலொழிய இக்கணக்குப் பொய்ப்பதில்லை.

வெட்கத்தினால் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. மேரியின் கதையைச் சற்றே நிறுத்தி, அவளுக்கு இரண்டாண்டு பின்னால் வந்த மற்றொரு மேரியைப் பற்றி இங்கே கூறவேண்டும். ஆண் வேடத்தில் ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரோடு திரிந்து, குதிரை திருடிய குற்றத்துக்காக ஏழாண்டுத் தீவாந்தரம் விதிக்கப்பட்டு, ராயல் அட்மிரல் என்னும் கப்பலில் 1792-ல் சிட்னிக்கு வந்த மேரி ரைபி, கணவன் இறந்தபின் அவனுடைய வியாபாரத்தையும் கப்பல்களையும் தானே நடத்திப் பெருஞ் செல்வச் சீமாட்டியானாள். 1820-ல் தன் பெண்களை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் பிரயாணம் சென்று மறு வருஷம் திரும்பினாள். 1828-ல் காலனியின் முதல் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தபோது, ‘எந்த நிலையில் வந்தீர்கள்?’ என்ற கேள்விக்கு அவ்வம்மையார், 1821-ல் சுதந்திரப் பிரஜையாக வந்தேன் என்று எழுதச் செய்தார். அதில் ஓரெழுத்தும் பொய்யில்லை. மறைத்ததெல்லாம் அதற்கு முந்திய ஒரு பிரயாணத்தை மட்டுமே. இன்று அவருடைய முகம் ஆஸ்திரேலிய இருபது டாலர் நோட்டில் அச்சிடப்பட்டு எல்லோர் கைகளிலும் புழங்குகிறது.

நம்முடைய மேரி வேட்டுக்கு அத்தகைய சாமர்த்தியமும் இல்லை, அதற்கு வேண்டிய கப்பற் கட்டணமும் இல்லை. 1828-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு, விதிக்கப்பட்ட சிட்சை, மதம், தொழில், நிலம், கால்நடை என்று கட்டங்கள் வரிசையாகச் செல்கின்றன. அக்காலத்தில் அவளும் அவள் கணவன் ஜோனதன் புரூக்கரும் இல்லவாரா என்னும் கடற்கரை நாட்டில் 62 ஏக்கர் நிலத்தில் குடியானவர்களாக இருந்தார்கள். அந்நிலம் தராவல் மக்களுடையது என்பதையும், அதை அளந்து கொடுத்த கவர்னருக்கு அதன்மீது உரிமை எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடாமல் மேலே செல்வது நேர்மையன்று. ஓர் அநியாயத்தினால் கடல் கடத்தப்பட்டவர்கள் மற்றோர் அநியாயத்தின் பயனாக நிலம் பெற்றார்கள்.

இல்லவாராவுக்கு வருமுன் அவர்களுக்கு ஏர்ட்ஸ் வட்டாரத்தில் முப்பது ஏக்கர் பண்ணை இருந்தது. 1820-களின் தொடக்கத்தில் காட்டுத்தீ அதைக் கருக்கிவிட்டது. எல்லாம் இழந்த குடும்பம் கவர்னருக்கு விண்ணப்பம் எழுதியது. அவ்விண்ணப்பம் கட்டப்பட்ட கோப்பில் இன்றும் இருப்பதனால்தான் அந்தத் தீயைப் பற்றி நமக்குத் தெரிகிறது. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளில் அவர்கள் எதை விதைத்தார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பவற்றை எந்தக் குமாஸ்தாவும் எழுதவில்லை. பண்ணை எரிந்ததனால் ஒரு காகிதம் பிறந்தது. ஏழையின் வாழ்வு ராஜாங்கத்தின் கண்ணிற் படுவது, அது தண்டிக்கும்போதும், படியளக்கும்போதும், அதனிடம் கையேந்தும்போதுமே.

புரூக்கருக்கும் மேரிக்கும் 1817-ல் லிவர்பூல் என்ற ஊரில் விவாகம் நடந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இருவரும் சேர்ந்து வாழ்ந்து வந்தார்கள். இதை வாசித்து முகஞ் சுளிப்பவர்கள் இருப்பார்களாயின், அவர்களுக்கு முன்னோடியாக ஒரு பாதிரியார் இருந்தார். சாமுவேல் மார்ஸ்டன் என்னும் அவர் 1806-ல் காலனியிலுள்ள பெண்களையெல்லாம் கணக்கெடுத்து, 395 பேரை ‘விவாகமானவர்’ என்றும், 1,035 பேரை ‘வைப்பாட்டி’ என்றும் இரண்டு பத்திகளாகப் பிரித்தார். அவர் ஏற்றுக்கொண்டது இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்த விவாகம் ஒன்றையே. கத்தோலிக்கப் பெண்ணானாலும், யூதப் பெண்ணானாலும், ஒரே ஆடவனோடு இருபது ஆண்டு குடித்தனம் நடத்தி ஆறு பிள்ளைகளைப் பெற்றவளானாலும், எல்லோரும் இரண்டாம் பத்தியிலேயே சேர்ந்தார்கள். தங்கள் முப்பாட்டியின் பெயருக்கு நேரே அச்சொல்லைக் கண்டு கலங்கும் வழித்தோன்றல்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு: அப்பத்தி மார்ஸ்டனின் மனத்தைக் காட்டுவதேயன்றி அப்பெண்களின் நடத்தையைக் காட்டுவதன்று.

புரூக்கருக்கு முன்னர் மேரியின் வாழ்வில் டீக் ஹாரிகன் என்னும் ஐரிஷ்காரன் இருந்தான். சிட்னியில் நன்னீர் தந்த டேங்க் ஓடையின் கரையில் கூடாரம் அடித்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்தார்கள். 1806-ல் அவன் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறிப் போனான், திரும்பி வரவில்லை. அதற்கும் முன்னே, நார்போக் தீவில், இருபது வயது நிறையுமுன்பே அவள் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகியிருந்தாள். சிட்னிக்கு வடகிழக்கே ஆயிரம் மைலுக்கு அப்பால் நடுக்கடலில் நிற்கும் அத்தீவுக்கு அவளை அனுப்பியது ஒரு குற்றத்துக்காக அன்று. சிட்னியில் அவளுக்குச் சோறு போட வழியில்லாமற் போனதனால்தான்.

இங்கே நாம் 1790-ஆம் ஆண்டின் நடுவுக்கு வந்துவிட்டோம். அவ்வாண்டின் நிலைமையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உணவுப் பொருள் ஏற்றி வந்த கார்டியன் கப்பல் முந்திய டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. காலனியின் பெரிய கப்பலாகிய சிரியஸ் மார்ச்சில் நார்போக் தீவின் பாறைகளில் உடைந்தது. ஏப்ரலில் தலைக்கு வாரத்துக்கு இரண்டரை ராத்தல் மாவு, இரண்டு ராத்தல் அரிசி, இரண்டு ராத்தல் பழைய உப்புப் பன்றியிறைச்சி என்று படி குறைக்கப்பட்டது. தாய்நாட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக ஒரு கடிதமும் வரவில்லை. இந்நிலையில் ஜூன் மாதம் 3-ஆம் தேதி மாலை, துறைமுக வாயிலில் கொடி ஏறிற்று. ராணுவ அதிகாரியாக இருந்த வாட்கின் டெஞ்ச் அந்த மாலையை எழுதி வைத்திருக்கிறார்: பெண்கள் குழந்தைகளை வாரியணைத்துக்கொண்டு பித்துப் பிடித்தவர்கள்போல் ஓடினார்கள்; அவரும் மற்றோர் அதிகாரியும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு பேச நாவெழாமல் நின்றார்கள்.

கப்பலின் பெயர் லேடி ஜூலியானா. அதில் வந்தது மாவன்று, இறைச்சியன்று. இருநூற்றுக்கு மேற்பட்ட பெண் கைதிகள். பசித்தவனுடைய பந்தியில் இன்னும் இருநூறு இலை போட்டதுபோலாயிற்று. காலனியின் நியாயாதிபதியாயிருந்த டேவிட் கொலின்ஸ், உபயோகமில்லாத சரக்கு வந்து சேர்ந்ததே என்ற பொருள்பட எழுதினார். அச்சரக்கில் ஒரு சிறு பொட்டலமாக மேரி வேட் இருந்தாள்.

பத்து மாதங்களுக்கு மேல் நடந்த அப்பிரயாணம், அக்காலத்துக் கைதிக் கப்பல்களின் கதைகளோடு ஒப்பிடுகையில் அவ்வளவு கொடியதன்று. டெனரீஃபிலும், ரியோ டி ஜெனிரோவிலும், நன்னம்பிக்கை முனையிலும் கப்பல் தங்கியது. பெண்கள் மேல்தளத்துக்கு வந்து காற்று வாங்கினார்கள், துணி துவைத்தார்கள், கொடுக்கப்பட்ட லினன் துணியில் சட்டைகள் தைத்தார்கள். இறந்தவர்கள் மிகச் சிலரே. அதே மாத இறுதியில் வந்து சேர்ந்த நெப்டியூன் முதலிய மூன்று கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வழியிலேயே மாண்டார்கள் என்பதை நினைக்கும்போது, ஜூலியானாவின் பெண்கள் பாக்கியசாலிகள் என்றே சொல்லவேண்டும். அக்கப்பலில் ஊழியம் செய்த ஜான் நிகல் என்னும் மாலுமி பிற்காலத்தில் தன் சரித்திரத்தைச் சொல்லி, அது 1822-ல் நூலாக வெளிவந்தது. சாரா விட்லம் என்ற கைதிப் பெண்ணின் விலங்கைத் தன் பட்டடையில் வைத்து உடைத்தபோதே அவளிடம் மனத்தைப் பறிகொடுத்ததையும், கடலில் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்ததையும், சிட்னியில் இருவரையும் விட்டுப் பிரிய நேர்ந்ததையும், மீண்டும் அங்கே போய்ச் சேர உலகைச் சுற்றியும் முடியாமற்போனதையும் அக்கிழவன் சொல்லியிருக்கும் பகுதி, உத்தியோகஸ்தர்கள் எழுதிய அறிக்கைகளில் காணக் கிடைக்காத ஈரம் உடையது. சிறுமி மேரியைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கப்பலிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கினால் நியூகேட் சிறை. அங்கிருந்து மேரி தூக்குமேடைக்குப் போகாமல் கப்பலுக்குப் போனதற்குக் காரணம், அவளைக் கண்ணாலும் கண்டிராத ஒருவருடைய வியாதி. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு 1788 இறுதியில் சித்தம் கலங்கிற்று. 1789 மார்ச்சில் தெளிந்தது. நகரமெங்கும் தீபாலங்காரம், தேவாலயங்களில் தோத்திரம். அச்சந்தோஷத்தை முன்னிட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டுக் காத்திருந்த பெண்களுக்குத் தீவாந்தரம் போக இணங்கினால் உயிர்ப்பிச்சை என்று அறிவித்தார்கள். அவர்களிற் சிலர் முதலில் மறுத்தார்கள்! முன்பின் அறியாத அத்தேசத்துக்குப் போவதைவிடச் சாவதே மேல் என்று நியாயாதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருந்தார்கள் என்றால், அக்காலத்து மக்கள் மனத்தில் அந்நாடு எத்தகைய பயங்கரமாக நின்றது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். முடிவில் அவர்களும் இணங்கினார்கள்.

இனி வழக்கு. 1788 அக்டோபர் 5-ஆம் தேதி, எட்டு வயதுடைய மேரி பிலிப்ஸ் என்னும் சிறுமி ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மேரி வேட்டும், பதினான்கு வயதுடைய ஜேன் வைட்டிங் என்பவளும் அவளைப் பிடித்து அவள் உடுத்தியிருந்ததைக் களைந்து எடுத்துக்கொண்டார்கள். குற்றப்பத்திரிகையில் அப்பொருள்கள் விலையோடு வரிசையாக நிற்கின்றன: பருத்திக் கவுன் ஒன்று, மூன்று ஷில்லிங், தோளிற் போர்த்தும் லினன் துண்டு ஒன்று, இரண்டு பென்ஸ், லினன் தொப்பி ஒன்று, இரண்டு பென்ஸ். கவுன் அடகுக்கடைக்குப் போயிற்று. தோள்துண்டு மேரியின் அறையில் அகப்பட்டது. வேறொரு குழந்தை காட்டிக்கொடுத்திருந்தது. 1789 ஜனவரி 14-ஆம் தேதி ஓல்ட் பெய்லி நியாயஸ்தலத்தில் இருவரையும் நிறுத்தினார்கள். வெறும் திருட்டென்று எழுதியிருந்தால் கசையடியோ சில ஆண்டுகளோ கிடைத்திருக்கும். ஆனால் ராஜபாட்டையில் ஒருவரைத் தாக்கி, உயிர்ப்பயம் உண்டாக்கிப் பறித்தார்கள் என்று வழிப்பறிச் சட்டத்தின்கீழ்க் குற்றஞ் சாட்டப்பட்டது. குதிரைமேல் துப்பாக்கியோடு வந்து கோச்சு வண்டிகளை மறிக்கும் கொள்ளைக்காரனுக்கென்று செய்த சட்டம், தெருப் பெருக்கும் ஒரு சிறுமியின் கழுத்துக்கும் அளவாகப் பொருந்திற்று. ஜூரிகள் குற்றவாளி என்றார்கள், தீர்ப்பு மரணம்.

பறிகொடுத்த குழந்தையையும் மறந்துவிடலாகாது. அவள் எட்டு வயதுப் பெண். உடை களையப்பட்டு நடுங்கி நின்றவள் அவளே. வழித்தோன்றல்கள் தங்கள் மூதாட்டிக்காகக் கண்ணீர் விடும் உற்சாகத்தில், வழக்கின் இப்பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவதைப் பல நூல்களிற் காண்கிறோம்.

இவ்வளவும் நமக்கு எப்படிக் கிடைத்தது? ஓல்ட் பெய்லி வழக்குகளைச் சுருக்கெழுத்தாளர் எழுதி, அச்சிட்டு விற்பது லண்டனில் நெடுநாளைய வழக்கம். கொலையும் களவும் வாசிக்க ஜனங்களுக்கு அன்றும் ஆசைதான். அவ்வேடிக்கைப் பிரசுரங்களே இருநூறு ஆண்டு கழித்துக் குடும்ப தஸ்தாவேஜுகளாயின. மேரிக்கு இருபத்தொரு பிள்ளைகள் என்றும், அவள் இறக்கும்போது உயிரோடிருந்த சந்ததியார் முந்நூறுக்கு மேல் என்றும் சொல்லப்படுகிறது. அம்முந்நூற்றுவரின் பரம்பரை இன்று எத்தனை ஆயிரமாகப் பெருகியதோ, அவர்கள் அத்தனை பேரும் தங்கள் பூர்விகத்தை அறியப் புரட்டவேண்டியது ஓர் அடகுப் பொருளின் விலைப்பட்டியலை.

ஆயினும் மேரி எப்படி இருந்தாள், நெட்டையோ குட்டையோ, கண் என்ன நிறம் என்று இவ்வேடுகளில் தேடிப் பயனில்லை. அவள் வந்த காலத்தில் காலனியின் குமாஸ்தாக்களுக்கு அவ்வளவு ஒழுங்கு வரவில்லை. அவளுக்கு ஒரு தலைமுறை பின்னால், இன்று டாஸ்மேனியா என வழங்கும் வான் டீமன்ஸ் லாண்டுக்கு அனுப்பப்பட்ட சுமார் 12,500 பெண்களின் விஷயம் வேறு. அவர்கள் ஹோபர்ட் துறையில் இறங்கியதும் உயரம், நிறம், நெற்றி, புருவம், மூக்கு, வாய், மோவாய், கையிற் குத்திய பச்சை ஈறாக எல்லாவற்றையும் எழுத்தர் எழுதிக்கொண்டார். ஓவியன் ஒருவனும் திரும்பிப் பாராத ஏழைப் பெண்களுக்கு இப்படியாக எழுத்தில் ஒரு சித்திரம் கிடைத்தது. அதன்பின் ஒவ்வொருத்திக்கும் நடத்தைப் பதிவேட்டில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது: எஜமானியை எதிர்த்துப் பேசினாள், அனுமதியின்றி இரவில் வெளியே தங்கினாள், குடித்திருந்தாள், தனிச்சிறை இத்தனை நாள், ரொட்டியும் தண்ணீரும் இத்தனை நாள். அப்பதிவேடு குற்றங்களை மட்டுமே எழுதியது. ஆகையால் முரட்டுப் பெண்கள் பக்கம் நிரம்ப உயிரோடு நடமாடுகிறார்கள். சொன்ன வேலையைச் செய்து, வாய் திறவாமல் காலங் கழித்து விடுதலை பெற்றவளின் பக்கத்தில் இரண்டே வரிகள். அவளைத் தேடி வரும் பேத்தி, பாட்டி கொஞ்சம் துஷ்டையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவதுண்டு. 2007-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்ட ஆஸ்திரேலியக் கைதி ஏடுகளில் இவையும் அடங்கும்.

அவ்வேடுகளில் உள்ள பெண்களுள் 180 பேர், 1841 ஏப்ரலில் வூல்விச்சிலிருந்து ராஜா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஜூலையில் ஹோபர்ட் வந்து சேர்ந்தார்கள். வழியில் அவர்களிற் பலர் கூடி 2,815 துணித்துண்டுகளை இணைத்து ஒரு பெரிய மெத்தை விரிப்பைத் தைத்தார்கள். அவ்விரிப்பு காணாமற்போய் 1987-ல் ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்ட விதத்தையும், அதைத் தைத்தவர்கள் போய்ச் சேர்ந்த காஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்சாலைச் சிறையில் முதுகிலும் சட்டைக்கையிலும் மஞ்சள் எழுத்துப் பொறித்த உடை யாருக்குத் தரப்பட்டது என்பதையும் அடுத்த அத்தியாயத்திற் பார்ப்போம்.

(தொடரும்)